மணல்மேட்டு வண்டியும் நம் தாமான் தெருவும்

 

உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒருவர் தம் மனமகிழ்ச்சிக்காக ஒரு வண்டி வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுத் தவணை, பிள்ளைகளின் டியூஷன் கட்டணம், மளிகைக் கடன் எல்லாவற்றையும் கட்டி முடித்தபின் கையில் நிற்கும் சில ஆயிரம் வெள்ளியை என்ன செய்வது என்பது அவரவர் உரிமை. ஆனால் அந்த வண்டியை எங்கே ஓட்டுவது என்பது அவருடைய உரிமை மட்டுமன்று. அதைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன்.

போர்ட் கிள்ளானில் நான் குடியிருக்கும் தாமானில், பள்ளி விடுமுறை மாலைகளில் இப்போது ஒரு புதிய ஓசை கேட்கிறது. இரும்புக் குழாய்களால் ஆன கூண்டு, பருத்த சக்கரங்கள், கதவும் கிடையாது, கூரையும் கிடையாது, பதிவு எண் பலகையும் கிடையாது. 'டூன் பக்கி' என்று அழைக்கப்படும் வண்டி அது. மணல்மேடுகளில் ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி என்பதால் இக்கட்டுரையில் அதனை மணல்வண்டி என்றே குறிப்பிடுகிறேன். அதன் உறவினரான ஏ.டி.வி. என்னும் நான்கு சக்கர வண்டியும் சில வீட்டு வாசல்களில் நிற்கின்றது. அப்பா ஓட்டுகிறார், மடியில் மகன், பின்னால் கைப்பேசியில் படம் பிடித்தபடி சித்தப்பா. தெருவே வேடிக்கை பார்க்கிறது.

முதலில் இந்த வண்டிக்குரிய பெருமையைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் இருந்தார். படகு கட்டும் கலையறிந்தவர். கடல் அலைச்சறுக்கு விளையாட்டில் ஈடுபாடுடையவர். 1964இல் படகுக்குப் பயன்படும் கண்ணாடி இழையைக் கொண்டு ஒரு வண்டியின் உடலை வார்த்து, அதில் வோக்ஸ்வேகன் பீட்டல் மகிழுந்தின் இயந்திரத்தைப் பொருத்தினார். 'மேயர்ஸ் மான்க்ஸ்' என்று அது பெயர் பெற்றது. பீட்டலின் இயந்திரம் பின்புறத்தில் உள்ளது, காற்றினால் குளிர்வது. ஆதலால் எடையின் பெரும்பகுதி உந்தும் சக்கரங்களின்மேல் அமர, மணலில் நல்ல பிடிப்புக் கிடைத்தது. 1967இல் மெக்சிகோவின் பாகா பாலைநிலத்தில் எடை மிகுந்த வண்டிகளையெல்லாம் தோற்கடித்து அது பெயர் நாட்டியது. பலரும் அதனைப் பார்த்துப் பார்த்துச் செய்யத் தொடங்கினர். காப்புரிமை வழக்கில் மேயர்ஸ் தோற்றார்; வண்டியோ உலகெங்கும் பரவியது. அவர் 2021இல் தம் 94ஆம் வயதில் காலமானார்.

"கலிபோர்னியாவில் தெருவிலேயே ஓட்டுகிறார்களே!" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் அங்குத் தெருவில் ஓடுபவை, முறையாகப் பதிவு செய்யப்பட்ட மகிழுந்தின் அடிச்சட்டத்தின்மேல் கட்டப்பட்டு, விளக்கும் எண் பலகையும் பொருத்தப்பட்டு, அந்நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டவை. இணையத்தில் விளம்பரம் பார்த்து, பெட்டியில் வந்திறங்கி, வீட்டு வாசலில் முடுக்கித் திருகாணி போட்டுப் பூட்டப்படும் வண்டி வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது, படகு நீரில் ஓடுகிறது என்பதற்காகக் குளியல் தொட்டியையும் கடலில் இறக்குவதைப் போன்றது.

மணலில் நன்றாக ஓடும் வண்டி தார்ச்சாலையில் ஏன் தடுமாறுகிறது? இதனை ஓர் எளிய சோதனையால் பிள்ளைகளுக்கே விளக்கலாம். நான் வகுப்பில் செய்து காட்டுவதுண்டு. இரண்டு புட்டி மூடிகளை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் அசையாதபடி பொருத்துங்கள். மேசைமேல் நேராக உருட்டுங்கள்; அழகாக ஓடும். இப்போது வளைத்து உருட்டிப் பாருங்கள். ஒரு மூடி உருளாமல் தேய்த்துக்கொண்டே வரும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் செல்ல வேண்டும். உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமே செல்ல வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே குச்சியில் இறுகியிருக்கின்றன.

நம் மகிழுந்துகளில் இந்த வேறுபாட்டைச் சமாளிக்க 'டிஃபரன்ஷியல்' என்னும் பல்சக்கர அமைப்பு உண்டு. ஏ.டி.வி.கள் பலவற்றிலும் சிறிய மணல்வண்டிகள் பலவற்றிலும் அது கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டிருக்கும். மணலிலும் சேற்றிலும் சக்கரம் எளிதில் வழுக்கிக்கொடுக்கும் என்பதால் அங்கே இது குறையாகத் தெரிவதில்லை. தார்ச்சாலையோ சக்கரத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. விளைவு, கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போக முயல்கிறது. வேகம் கூடினால் ஒரு பக்கம் தூக்குகிறது. ஏ.டி.வி. தயாரிப்பாளர்களே தங்கள் வண்டிகளைத் தார்ச்சாலையில் ஓட்ட வேண்டாம் என்று வண்டியிலும் கையேட்டிலும் எச்சரிக்கை அச்சிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த எச்சரிக்கை வில்லையை உரித்துவிட்டால் ஆபத்தும் உரிந்துபோகுமா?

அடுத்து, நம் ஊரின் இயல்பைப் பாருங்கள். இது துறைமுக நகரம். 2023இல் மட்டும் இத்துறைமுகம் ஏறத்தாழ 14 மில்லியன் கொள்கலன்களை, அதாவது இருபது அடிக் கொள்கலன் கணக்கில், கையாண்டது. அவற்றில் நிலவழியே வந்து போவனவற்றுள் பெரும்பகுதி லாரிகளில்தான் செல்கிறது. பெர்சியாரான் ராஜா மூடா மூசாவில் காலை வேளையில் பள்ளிக்குச் செல்பவர்களுக்கு நான் இதனை விளக்க வேண்டியதில்லை. கொள்கலன் லாரியின் ஓட்டுநர் உயரத்தில் அமர்ந்திருக்கிறார். அவருடைய வண்டியின் மூக்குக்கு அருகிலும் இடப்பக்கத்திலும் அவர் கண்ணுக்கு எட்டாத பகுதி உண்டு. மணல்வண்டியில் அமர்ந்திருப்பவரின் தலையோ சாதாரண மகிழுந்தின் கண்ணாடிக்கும் கீழே இருக்கிறது. மடியில் இருக்கும் குழந்தையின் தலை அதனினும் கீழே!

"பெரிய ரோட்டுக்கெல்லாம் போகமாட்டோம் டீச்சர். சும்மா தாமானுக்குள்ளதான்." ஒரு தந்தை என்னிடம் கூறிய விளக்கம் இது. பலருடைய மனத்தில் இருக்கும் எண்ணமும் இதுவே. ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலாவது, சட்டம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி 'சாலை' என்பது நெடுஞ்சாலை மட்டுமன்று. பொதுமக்கள் போய்வரும் எந்தச் சாலையும் சாலைதான். நம் தாமான் தெருவும் அதில் அடக்கம். அங்கு ஓடும் இயந்திர வண்டி பதிவு பெற்றிருக்க வேண்டும். சாலைவரி கட்டப்பட்டிருக்க வேண்டும். பிறருக்கு நேரும் தீங்கிற்கான காப்புறுதி பெற்றிருக்க வேண்டும். ஓட்டுபவரிடம் உரிமம் இருக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் சாலைவரி வில்லையைத் தனியார் வண்டிகளில் ஒட்டவேண்டிய கட்டாயம் நீக்கப்பட்டது. வில்லை ஒட்டத் தேவையில்லை என்பதை வரியே தேவையில்லை என்று சிலர் தவறாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். சிறுவர் ஓட்டும் மின்ஸ்கூட்டர் போன்ற நுண்வாகனங்கள் சிலவற்றைப் பொதுச்சாலையில் பயன்படுத்தத் தடைவிதிக்கும் விதிமுறைகளும் 2021 டிசம்பரில் வெளிவந்தன என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

இரண்டாவது, காப்புறுதி. எல்லாவற்றிலும் இதுவே எனக்குப் பெரிய கவலை. பதிவு பெறாத வண்டிக்குச் சாலைக் காப்புறுதி கிடைக்காது. ஒரு நாள் மாலை, பந்தை எடுக்க ஓடிவரும் எதிர்வீட்டுப் பிள்ளையின் காலில் அந்த வண்டி ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சை, பல மாத மருத்துவம், வேலைக்குப் போகமுடியாத தாயின் சம்பளம் ஆகிய அத்தனையும் யார் பொறுப்பு? வண்டி ஓட்டியவரின் பின்னால் காப்புறுதி நிறுவனம் நிற்காது. அவருடைய சேமிப்பும் வீடுமே ஈடு. அவரிடம் ஒன்றும் இல்லையெனில், அடிபட்ட குடும்பம் இழப்பீடு தேடி அலைய வேண்டியதுதான். நேற்றுவரை தீபாவளிப் பலகாரம் மாற்றிக்கொண்ட இரண்டு குடும்பங்கள் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கும். வண்டி வாங்கும்போது இந்தச் செலவை யாரேனும் கணக்கில் சேர்க்கிறோமா?

மூன்றாவது, தாமான் தெரு யாருக்கு உரியது என்னும் கேள்வி. நம் வட்டாரத்தில் பிள்ளைகள் விளையாட எத்தனை திடல்கள் உள்ளன? இருக்கும் திடலிலும் மழை பெய்தால் நீர் தேங்கும். ஆகவே மிதிவண்டி பழகுவது, பூப்பந்து ஆடுவது, பாட்டி மாலையில் நடைபோடுவது யாவும் தெருவில்தான் நடக்கின்றன. பெரிய சாலையை லாரிகளுக்குக் கொடுத்துவிட்டோம். எஞ்சியிருக்கும் இந்தச் சிறிய தெருவையும் பெரியவர்களின் விளையாட்டு வண்டிக்குக் கொடுத்துவிட்டால், பிள்ளைகள் எங்கே போவார்கள்? கைப்பேசித் திரைக்குள்தான். "எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறான்" என்று பிறகு ஆசிரியரிடம் முறையிடுவதில் பயனில்லை.

சாலைக்கு ஏற்ற வண்டி எதுவென்று அறிய நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. போர்ட் கிள்ளான் படகுத்துறையிலிருந்து படகேறினால் பூலாவ் கெத்தாம். கடல்நீர்மேல் தூண்களில் நிற்கும் மீனவர் கிராமம். அங்கு மகிழுந்து கிடையாது. குறுகிய நடைபாலங்களில் மிதிவண்டியும் மின்மிதிவண்டியும்தான் ஓடுகின்றன. பாதையின் அகலத்தைப் பார்த்து அவ்வூரார் வண்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாமோ முதலில் வண்டியை வாங்கிவிட்டு, பிறகு அதற்குப் பாதை தேடுகிறோம்.

இனி, ஓர் ஆசிரியை என்ற முறையில் என் மனத்தை உறுத்தியதைச் சொல்கிறேன்.

ஆண்டு 4 மாணவர்களிடம் 'விடுமுறையில் நான்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் தன் அப்பாவின் மணல்வண்டியைப் பற்றி எழுதியிருந்தான். எழுத்துப்பிழை குறைவு, வருணனை நன்று. அப்பாவின் மடியில் அமர்ந்து தானே ஓட்டியதாகவும், காற்று முகத்தில் அடித்ததாகவும் எழுதியிருந்தான். அதன் கீழே ஒரு வரி: 'போலீஸ் வராத தெரு எது என்று என் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.'

அந்தப் பிள்ளை தன் தந்தையைக் குறை சொல்லவில்லை. பெருமையாகத்தான் எழுதியிருந்தான். தந்தையின் அறிவுக்கூர்மைக்கு அதனையே சான்றாகக் காட்டியிருந்தான்!

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாங்கள் படித்த அடிப்படைப் பாடங்களுள் ஒன்று, குழந்தை காதால் கற்பதைவிடக் கண்ணால் கற்பது மிகுதி என்பது. வரிக்கோட்டில் சாலையைக் கடப்பதையும் தலைக்கவசம் அணிவதையும் நான் ஆண்டு முழுதும் கற்பிக்கலாம். ஆனால் ஒரு மாலைப் பொழுதில் அப்பா கற்பித்த பாடம் அவற்றையெல்லாம் அழித்துவிடுகிறது. சட்டம் என்பது நம்மைக் காப்பது அன்று, பிடிபடாமல் தப்பிக்க வேண்டிய ஒன்று என்பதே அந்தப் பாடம். 16 வயதுக்கு உட்பட்டவர் எந்த மோட்டார் வண்டியையும் சாலையில் ஓட்டக்கூடாது என்பது சட்டம். 10 வயதில் அப்பாவின் மடியில் ஓட்டியவன், 13 வயதில் அண்ணனின் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது அவனைத் தடுக்க அந்தத் தந்தைக்கு என்ன சொல் மிஞ்சியிருக்கும்?

இன்னொரு முரணையும் பாருங்கள். 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் மகிழுந்தில் குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். பிள்ளையை அந்த இருக்கையில் பட்டையிட்டு அமரவைத்துப் பள்ளிக்கு அழைத்துவரும் அதே பெற்றோர், மாலையில் கதவே இல்லாத வண்டியில் அவனை மடியில் வைத்துக்கொள்கிறார்கள்.

நம் நாட்டுச் சாலைகளில், நோய்த்தொற்றுக் காலத்தை நீக்கிப் பார்த்தால், ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,000 பேர் மாள்கின்றனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். உடலைச் சுற்றி இரும்பும் கதவும் இல்லாதவர்களுக்கு இச்சாலைகள் எவ்வளவு கொடியவை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஜொகூர் பாருவில் 2017 பிப்ரவரி 18ஆம் நாள் விடியற்காலையில் நடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மாற்றியமைத்த மிதிவண்டிகளோடு சாலையில் கூடியிருந்த பதின்ம வயதுச் சிறுவர் எட்டுப் பேர், மகிழுந்து மோதி உயிரிழந்தனர். மகிழுந்தை ஓட்டிய பெண்ணின் வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஆறாண்டுகளுக்கு மேல் நீண்டு, 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்ததோடு முடிந்தது. எந்தத் தீர்ப்பும் அந்த எட்டு வீடுகளுக்குப் பிள்ளைகளைத் திருப்பித் தரவில்லை. அந்தச் சிறுவர்கள் தேடியது இன்பம், தீமையன்று. சாலை அதற்குரிய இடமாக இல்லை, அவ்வளவே.

அப்படியானால் வேகத்தின்மேல் ஆசையே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. அந்த ஆசைக்கு உரிய இடத்தைக் காட்டுங்கள் என்கிறேன். நம் இனத்தாரிடையே அதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு.

தமிழ்நாட்டில், சென்னைக்கு அருகிலுள்ள சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று பயனின்றிக் கிடந்தது. வேகத்தில் நாட்டமுடையோர் ஊர்த்தெருவை விட்டு அங்கே சென்று பந்தயம் நடத்தினர். பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், உள்நாட்டில் கிடைத்த பொருள்களைக் கொண்டு குறைந்த செலவில் பந்தய வண்டிகளை வடிவமைத்து, இளைஞர் பலருக்கு வாய்ப்பு ஏற்படுத்தினார். கோவைக்கு அருகிலுள்ள பந்தயத்தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே கோவை மண்ணிலிருந்து வந்த நரேன் கார்த்திகேயன், 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு நம் செப்பாங்கிலும் ஓட்டினார். தடத்தில் பழகியவர்கள் இவர்கள். தலைக்கவசம், பட்டை, மருத்துவ வண்டி, கொடி காட்டும் நடுவர் என ஒழுங்கோடு சேர்ந்த வேகம் அது.

மணல்வண்டியையே விரும்பும் பிள்ளைக்கு இன்னும் நல்ல வழி உண்டு. இந்தியாவில் 2007 முதல் 'பாகா எஸ்.ஏ.இ. இந்தியா' என்னும் போட்டி நடந்துவருகிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே ஒரு மணல்வண்டியை வரைந்து, பற்றவைத்து, பாதுகாப்புச் சோதனையில் தேறி, பிறகே கரடுமுரடான தடத்தில் ஓட்ட வேண்டும். கூண்டின் குழாய் எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும், ஓட்டுநர் எத்தனை நொடியில் வெளியேற வேண்டும் என்பதற்கெல்லாம் விதியுண்டு. வாங்கி ஓட்டுபவன் முடுக்கியை மட்டுமே அறிவான். கட்டி ஓட்டுபவன் தடுப்பானையும் அறிவான்.

ஆகவே பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இவை:

1. வண்டி வாங்குமுன் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவில் இதனைப் பதிவு செய்ய முடியுமா? எந்த நிறுவனம் சாலைக் காப்புறுதி தரும்? இவற்றை எழுத்தில் தருவீர்களா? "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடை வந்தால், பணப்பையை மூடிவிடுங்கள்.

2. ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால், லாரியில் ஏற்றித் தனியார் நிலத்திற்கோ அதற்கென உள்ள தடத்திற்கோ கொண்டுசெல்லுங்கள். வாடகைக்கு ஓட்டினால் போதும் என்பவர்களுக்கு உலு கிள்ளானில் கெமென்சா பக்கம் ஏ.டி.வி. சவாரி உண்டு; செப்பாங்கில் கோ-கார்ட் தடம் உண்டு. ஆண்டுக்கு நான்கு முறை வாடகைக்கு ஓட்டுவது, வண்டி வாங்கி வாசலில் துருப்பிடிக்கவிடுவதைவிடச் செலவு குறைவு.

3. சாலையில் ஓடும் எந்த வண்டியிலும் பிள்ளையை மடியில் வைத்து ஓட்டாதீர்கள். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

4. ஆசிரியர்களே, அறிவியல் பாடத்தில் இழைப்பட்டை வண்டியும் பலூன் வண்டியும் செய்யவையுங்கள். புட்டி மூடிச் சோதனையைச் செய்துகாட்டுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழி ஆண்டுக்கு ஒருமுறை பந்தயத்தடத்திற்குக் கல்விச் சுற்றுலா ஏற்பாடு செய்யுங்கள். வேகத்தை விரும்பும் மாணவனைத் திட்டாதீர்கள். அவன் கையில் திருப்புளியைக் கொடுங்கள்.

5. தாமானில் இவ்வண்டி ஓடுவதைக் கண்டால், சண்டையிடாமல், உரியவரிடம் அமைதியாகப் பேசுங்கள். அவர் நம் அண்டை வீட்டார், பகைவர் அல்லர். காப்புறுதியைப் பற்றி அவர் எண்ணிப் பார்த்திருக்கவே மாட்டார். எடுத்துச் சொன்னால் பெரும்பாலோர் கேட்பர்.

என்னிடம் விளக்கம் சொன்ன தந்தையிடம் நானும் இப்படித்தான் பேசினேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "டீச்சர், எங்க காலத்துல எஸ்டேட்டுல டிராக்டர்ல தொங்கிக்கிட்டே போகலையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தோட்டத்தில் வளர்ந்த பலருக்கும் அந்நினைவு உண்டு. ஆனால் அந்தத் தோட்டச் சாலையில் கொள்கலன் லாரி வரவில்லை; டிராக்டர் நடை வேகத்திற்குச் சற்றே கூடுதலாக ஓடியது. அன்று தொங்கிச் சென்று விழுந்து ஊனமுற்றவர்களும் உண்டு. அவர்கள் இன்று இக்கதையைச் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. இதைக் கேட்டபின் அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். வண்டியை விற்றுவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான்; ஆனால் அவர் இன்னும் விற்கவில்லை. அதில் இப்போது மகனை ஏற்றுவதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அது ஒரு தொடக்கம்.

ஒரு வண்டியைத் தெருவுக்கு உரியதாக்குவது அதன் விலையோ அழகோ அன்று. அந்தத் தெருவில் நடந்துபோகும் சிறியவர் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அதற்கு விடைசொல்ல ஆள் இருக்கிறார் என்னும் உறுதிதான். அந்த உறுதி இல்லாத வண்டி, எவ்வளவு இன்பம் தந்தாலும், தெருவில் இறங்கக்கூடாது.

சிந்திப்போம், வீட்டிலும் பேசுவோம்.

அன்புடன்,
போர்ட் கிள்ளானிலிருந்து உங்கள் ஆசிரியை